பாணனைப் புகழும் முறை

தமிழகத்துக்கு வெளியே இயங்கும் தமிழ்ச் சங்கங்களின் ஆண்டு மலர்களைத் தொடர்ந்து படித்து வருவோர் ஒரு வகைக் கட்டுரையை நன்கு அறிவர். அதை எழுதுபவர் பிழைப்பின்பொருட்டு ஊரைவிட்டுத் தில்லிக்கோ மும்பைக்கோ கொல்கத்தாவுக்கோ வந்து குடியேறியவர். அவரால் எழுதப்படுபவர் ஊரிலேயே தங்கி, இசையையே தொழிலாகக் கொண்டுவிட்ட இளமைக்கால நண்பர். நாகசுரக் கலைஞர், வாய்ப்பாட்டுக்காரர், மிருதங்க வித்துவான், கோயில் ஓதுவார் என இவருள் ஒருவர். நண்பருக்குப் பட்டம் ஒன்று கிடைத்தபோதோ, மணிவிழா வந்தபோதோ, கச்சேரியின்பொருட்டு அவர் நம் நகருக்கு வரும்போதோ இக்கட்டுரை பிறக்கிறது. அளவில் சிறிது, நோக்கில் தூயது. ஆயினும் திறனாய்வாளர் எவரும் இதனை ஓர் இலக்கிய வகையாகக் கருதி எடைபோட்டுப் பார்ப்பதில்லை. அவ்வாறு பார்க்க வேண்டும் என்பதே ஈண்டு நம் கருத்து.

இதற்குக் காரணம் உண்டு. பெரும்புகழ் பெற்ற இசைவாணர்க்கு வரலாற்று நூல்கள் இருக்கின்றன, இசைத்தட்டுகள் இருக்கின்றன, வானொலி நிலையங்களின் ஒலிக்களஞ்சியங்கள் இருக்கின்றன. ஆனால் ஒரு சிற்றூர்க் கோயிலில் நாற்பது ஆண்டு காலை மாலை தவறாமல் வாசித்த நாகசுரக்காரருக்கு என்ன இருக்கிறது? அவரோடு திண்ணைப் பேச்சுப் பேசி வளர்ந்து, பின்னர் ஆயிரத்து ஐந்நூறு கல் தொலைவுக்கு வந்துவிட்ட நண்பன் ஒரு மலரில் எழுதிய இரண்டு பக்கங்களே அவரைப் பற்றி எஞ்சும் ஒரே எழுத்தாக இருக்கலாம். அந்த இரண்டு பக்கங்களில் அவர் இருக்கிறாரா, அல்லது எழுதியவரின் ஏக்கம் மட்டுமே இருக்கிறதா என்பது சிறிய வினா அன்று.

புகழ்ச்சியின் வெறுமை

இவ்வகைக் கட்டுரைகளிற் பெரும்பாலானவற்றைச் சேர்த்து வைத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகிறது. ஒன்றிலுள்ள பெயரை எடுத்து மற்றொன்றில் வைத்தாலும் கட்டுரை கெடுவதில்லை. 'தேனினும் இனிய குரல்', 'கலைமகளின் கடாட்சம் பெற்றவர்', 'எங்கள் மண்ணின் மைந்தர்', 'பழகுதற்கு இனியவர்' என்னும் தொடர்கள் பாடுபவருக்கும் பொருந்துகின்றன, வாசிப்பவருக்கும் பொருந்துகின்றன, மேடையேறிப் பேசுபவருக்கும் பொருந்துகின்றன. எல்லார்க்கும் பொருந்தும் புகழ் ஒருவர்க்கும் உரியதாகாது.

இவ்வெறுமை அன்பின் குறைவால் வருவதன்று. அன்பின் மிகுதியாலேயே வருகிறது. ஊரை விட்டு வந்தவனுக்கு நண்பனின் பாட்டைக் கேட்கும்போது முதலில் நினைவுக்கு வருவது பாட்டன்று. தேரடியும், ஆற்றங்கரை அரசமரமும், மார்கழிக் காலையில் கோயிலில் கொடுக்கும் வெண்பொங்கலும் நினைவுக்கு வருகின்றன. அவன் கண் கலங்குகிறான். அக்கலக்கம் உண்மையானதே. ஆனால் அதனை நண்பனின் கலைத்திறத்துக்குச் சான்றாகக் காட்டும்போதுதான் எழுத்து தடம் புரள்கிறது. நண்பனைப் புகழப் புகுந்தவன் தன்னையறியாமலே தன் பிரிவாற்றாமையைப் பாடி முடிக்கிறான். பாலைத் திணைக்குரிய உரிப்பொருளைப் பாடாண் திணைக்குள் நுழைத்துவிட்டான் என்று பழைய இலக்கணத்தின் மொழியில் சொல்லலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. இசையைக் கேட்டு மகிழத் தெரிந்த நமக்கு அதனைச் சொல்லிக் காட்டும் சொற்கள் பழகவில்லை. சொல் கிடைக்காத இடத்தில் தேன் கிடைக்கிறது, அமுதம் கிடைக்கிறது. இக்குறை தமிழ்மொழியின் குறை அன்று. இசைவாணரைப் புகழ்வதற்கென்றே தனியொரு நூல்வகையைக் கண்ட மொழி இது.

ஆற்றுப்படை காட்டும் அளவுகோல்

கூத்தர், பாணர், பொருநர், விறலியர் ஆகிய கலைஞருள் பரிசில் பெற்று மீள்பவர் ஒருவர், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொருவரை வழிப்படுத்துவது ஆற்றுப்படை எனப்படும். பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் இவ்வகையின. அவற்றுள் முடத்தாமக்கண்ணியார் பாடிய பொருநராற்றுப்படை 248 அடிகளைக் கொண்டது. கரிகாற்சோழனைப் பாட்டுடைத் தலைவனாக உடையது. அரசனைப் பாட வந்த அந்நூல் அரசனிடம் உடனே செல்வதில்லை. முதலில் பாடினியின் யாழைக் காட்டுகிறது. காட்டும் முறைதான் நம் கவனத்துக்கு உரியது.

யாழின் பத்தலுக்கு மானின் குளம்பு பதிந்த சுவட்டை உவமை சொல்கிறார் புலவர். அதன் துளைகளை மறைத்து முடுக்கிய ஆணிகளுக்கு வளையில் வாழும் நண்டின் கண்களைச் சொல்கிறார். உள்நாக்கில்லாத அதன் வாய் எட்டாம் நாள் பிறை போன்றது. மேலே நிமிர்ந்த கோடு தலை தூக்கிய பாம்பு போன்றது. நரம்புகளை இறுக்கும் வார்க்கட்டு மங்கையின் முன்கையில் அடுக்கிய வளை போன்றது. ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் உவமை. ஒவ்வோர் உவமையும் கண்ணால் கண்டு சரிபார்க்கத் தக்கது. யாழை அருகிருந்து பார்த்தவரன்றி வேறெவரும் இவ்வாறு எழுத இயலாது. 'இனிய யாழ்' என்று ஒரு சொல்லில் முடித்திருந்தால் இன்று அந்த யாழ் நமக்கு இல்லை. பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே வழக்கொழிந்துபோன அக்கருவியை 1947ஆம் ஆண்டில் விபுலானந்த அடிகள் தம் 'யாழ் நூல்' வாயிலாக ஆராய்ந்து விளக்க முடிந்ததென்றால், இத்தகைய வருணனைகள் எஞ்சியிருந்தமையும் அதற்கு ஒரு காரணம்.

உறுப்புகளைச் சொன்ன பின்னரே பயனைச் சொல்கிறது பாட்டு. வழிப்பறி செய்யும் கள்வரும் அந்த யாழில் எழும் பாலைப் பண்ணைக் கேட்டுத் தம் கைப்படையை நழுவவிடுவர் என்கிறது. இதுவும் புகழ்ச்சிதான், மிகை என்றும் சொல்லலாம். ஆனால் யாழைத் துளையும் ஆணியுமாகக் கண்ட புலவர் சொல்வதால் இம்மிகை நமக்கு நம்பத் தக்கதாகிறது. நுட்பம் முன்னே சென்று வியப்புக்கு வழிவிடுகிறது. நம் மலர்க் கட்டுரைகளிலோ வியப்பு தனியே வந்து நிற்கிறது.

கரிகாலன் பொருநனைச் சிறப்பிக்கும் விதமும் கருதத் தக்கது. உணவும் உடையும் கொடுக்கிறான். பிரிய மனமின்றி நிறுத்தி வைக்கிறான். விடைகொடுக்கும்போது பால் போன்ற வெண்குதிரைகள் நான்கு பூட்டிய தேரைத் தந்து, தான் காலால் நடந்து ஏழடி பின்சென்று ஏற்றுகிறான். பேரரசன் ஒருவன் கலைஞனின் பின்னே நடந்த அந்த ஏழடியை எண்ணிச் சொல்கிறது பாட்டு. 'மிக்க மரியாதை செய்தான்' என்று பொதுப்படச் சொல்லவில்லை.

மலைபடுகடாம் என்னும் கூத்தராற்றுப்படையும் இம்முறையையே மேற்கொள்கிறது. முழவு, ஆகுளி, பாண்டில், கொம்பு, தூம்பு, குழல், தட்டை, எல்லரி, பதலை எனக் கூத்தர் சுமந்து செல்லும் கருவிகளைப் பெயர் பெயராக எண்ணிக்கொண்டே அந்நூல் தொடங்குகிறது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை மாதவியின் ஆடலைச் சொல்லும் முன்னர் ஆடலாசான், இசையாசான், தண்ணுமையாசான், குழலாசான், யாழாசான் ஆகியோர் ஒவ்வொருவரும் என்னென்ன அறிந்திருந்தனர் என்று விரிக்கிறது. கலைஞனைப் புகழ்வதென்றால் அவன் அறிந்ததைச் சொல்வது என்பதே அக்காலத்து வழக்காக இருந்தது எனலாம்.

சுற்றத்தார் புகழ்ச்சியும் யாழ்ப்பாணர் துயரமும்

ஊர்ப்பாசத்தால் எழும் புகழ் கலைஞனுக்கே துன்பமாக முடிவதும் உண்டு. இதற்கு மிகச் சிறந்த சான்று பெரிய புராணத்தில் உள்ளது. திருநீலகண்ட யாழ்ப்பாணர் திருஞானசம்பந்தரின் பதிகங்களை யாழிலிட்டு வாசித்து அவரோடு தலந்தோறும் சென்றவர். இருவரும் யாழ்ப்பாணரின் தாய் பிறந்த ஊராகிய தருமபுரத்தை அடைந்தபோது அவ்வூர்ச் சுற்றத்தார் பெருமகிழ்ச்சி கொண்டனர். யாழ்ப்பாணர் வாசிப்பதனாலேயே சம்பந்தரின் பதிக இசை உலகெங்கும் பரவுகிறது என்று அவர்கள் புகழ்ந்தனர்.

இவ்விடத்தில் சேக்கிழார் காட்டும் மனநிலையைக் கூர்ந்து நோக்க வேண்டும். சுற்றத்தார் பொய் பேசவில்லை; தம் பிள்ளையைத் தாம் அறிந்த அளவில் கொண்டாடினர். ஆனால் யாழ்ப்பாணர் மகிழவில்லை, மனம் நடுங்கினார். தம் கலையின் எல்லையைத் தாம் அறிவார், சுற்றத்தார் அறியார். யாழில் அடங்காத இசையுடைய பதிகம் ஒன்றைப் பாடியருள வேண்டும் என்று சம்பந்தரை அவரே வேண்டினார். சம்பந்தர் பாடினார், யாழ் பின்தொடர இயலாது நின்றது. யாழ்ப்பாணர் தம் கருவியை உடைக்க ஓங்கினார். சம்பந்தர் தடுத்து, யாழைத் தம் கையில் வாங்கிக்கொண்டு, அடங்காத இசை அடங்காமற் போவது யாழின் குற்றமாகாது என்று தேற்றி, இயன்ற அளவு வாசிக்கும்படி மீண்டும் அவர் கையிற் கொடுத்தார்.

ஈண்டு இருவகைப் புகழ் எதிரெதிரே நிற்கின்றன. ஒன்று சுற்றத்தாரின் புகழ். அது யாழ்ப்பாணரை உயர்த்த எண்ணி அவரை யாழை உடைக்கும் நிலைக்குக் கொண்டு சென்றது. மற்றொன்று நண்பரின் புகழ். அது 'உன் கருவிக்கு எல்லை உண்டு' என்பதை மறைக்காமலே அவர் கையில் யாழைத் திரும்பக் கொடுத்தது. நாம் எழுதும் கட்டுரைகள் பெரும்பாலும் தருமபுரத்துச் சுற்றத்தாரின் கட்டுரைகளாகவே இருக்கின்றன. மேடையில் அமர்ந்து வரவேற்பு மடலைக் கேட்கும் கலைஞரின் முகத்தைக் கவனித்தவர்க்கு இது புரியும். ஒப்பற்ற மேதைகளின் பெயர்களையெல்லாம் சொல்லி அவர்களுக்கு நிகர் இவர் என்று படிக்கும்போது, தம் அளவை அறிந்த கலைஞர் தலை குனிகிறார். அது பணிவு மட்டுமன்று. கூச்சமும் அதில் உண்டு.

தாமதித்துத் தந்த பாயிரம்

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கும் கோபாலகிருஷ்ண பாரதியாருக்கும் இடையே நிகழ்ந்த ஒரு செய்தியை டாக்டர் உ. வே. சாமிநாதையர் எழுதியிருக்கிறார். பாரதியார் தம் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைக்குச் சிறப்புப் பாயிரம் வேண்டிப் பிள்ளையவர்களைப் பலமுறை நாடிச் சென்றார். அந்நூலில் இலக்கண வழுக்கள் இருந்தமையால் பிள்ளையவர்கள் இசையாமல் நாள் கடத்தி வந்தார். ஒருநாள் பாரதியார் காத்திருந்த வேளையில் தம் கீர்த்தனை ஒன்றைத் தாமே உருகிப் பாடினார். உள்ளேயிருந்து அதனைக் கேட்ட பிள்ளையவர்களின் நெஞ்சம் இளகியது. பாயிரம் பிறந்தது.

பழகியவர் கேட்டார் என்பதற்காக அன்றே எழுதிக் கொடுத்திருந்தால் அது ஆயிரத்தில் ஒரு பாயிரமாகப் போயிருக்கும். மறுத்த மறுப்பும் கேட்டபின் தந்த இசைவும் சேர்ந்தே அதற்கு மதிப்பைத் தந்தன. இலக்கணம் ஒன்று, இசையின் உயிர் மற்றொன்று என்பதை ஒரு பெரும்புலவர் தம் காதால் கேட்டு ஒப்புக்கொண்ட நிகழ்ச்சி அது.

இச்செய்தியை நமக்குத் தந்த சாமிநாதையரே இவ்வகை எழுத்தில் நமக்கு நல்லாசிரியர். 1855ஆம் ஆண்டில் பிறந்த அவர், இளமையில் மாயூரத்தில் பாரதியாரிடம் சிறிது காலம் இசை பயின்றவர். கனம் கிருஷ்ணையர், கோபாலகிருஷ்ண பாரதியார், மகா வைத்தியநாதையர் ஆகிய மூவரைப் பற்றியும் 1930களில், தம் முதுமையில், சென்னையில் இருந்துகொண்டு சிறு நூல்கள் எழுதினார். கனம் கிருஷ்ணையர் அவருடைய தந்தையாரின் அம்மான். தந்தையாருக்கு இசை கற்பித்தவர். உறவுப்பாசத்துக்கு இதைவிட வேறு காரணம் வேண்டா. எனினும் அந்நூல் பாசத்தில் மூழ்கவில்லை. கனமார்க்கம் என்பது யாது, அது எத்துணை உடல் வலிமையும் பயிற்சியும் வேண்டுவது, பொப்பிலி கேசவையாவைக் கண்டு அவர் அதனை எவ்வாறு கைவரப் பெற்றார், உடையார்பாளையத்தில் எந்தச் சூழ்நிலையில் எந்தக் கீர்த்தனம் பிறந்தது என்பனவற்றையே அந்நூல் சொல்கிறது. படித்து முடித்தவன் ஒரு மனிதரை அறிகிறான். ஒரு பாடும் முறையையும் அறிகிறான். ஐயரவர்கள் பிறக்கும் முன்னரே மறைந்துவிட்ட ஒருவர் இவ்வாறு இன்றும் நம்மிடையே இருக்கிறார்.

ஊர் அறியாத செவி

இனி, இதற்கு நேர்மாறான ஒரு வழக்கையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஊரும் அறியாமல், மொழியும் அறியாமல், நட்பும் இல்லாமல் ஒருவன் இசையை மட்டும் கேட்டால் என்ன ஆகும்? தி. ஜானகிராமன் தம் 'செய்தி' என்னும் சிறுகதையில் இவ்வினாவை எழுப்பினார். சினிமாப் பாட்டில் நாட்டம் கொண்ட மகனால் மனம் நொந்திருக்கும் முதிய நாகசுர வித்துவான் ஒருவர், அயல்நாட்டிலிருந்து வந்த இசைக்கலைஞர் முன் வாசிக்கிறார். சாம ராகத்தில் தியாகராசரின் 'சாந்தமுலேகா' கீர்த்தனையை எடுக்கிறார். அந்த அயல்நாட்டாருக்கு ராகத்தின் பெயரும் தெரியாது. சாகித்தியத்தின் பொருளும் தெரியாது. ஆயினும் அமைதி என்னும் செய்தி அவரைச் சென்று அடைகிறது. தம் வாத்தியத்தின் வழியே அச்செய்தி சென்றதைக் கண்டு திகைப்பவர் வித்துவானே.

இக்கதை நமக்கு ஒரு சவால். ஊரறியாத ஒருவன் இத்துணை கேட்க முடியுமென்றால், 'எங்கள் ஊர்க்காரர்' என்று சொல்லிக்கொள்ளும் நமக்கு என்ன தனியுரிமை? ஊர்ப்பாசம் இல்லாமலே கேட்பதுதான் மேலானதோ என்றுகூடத் தோன்றும். ஆனால் அக்கதையை எழுதியவர் யார் என்பதையும் எண்ண வேண்டும். தஞ்சை மாவட்டத்துத் தேவங்குடியில் பிறந்து, கும்பகோணத்தில் கற்று, வானொலிப் பணியின்பொருட்டுச் சென்னையில் இருந்து, 1968ஆம் ஆண்டில் தில்லிக்கு வந்தவர் ஜானகிராமன். காவிரிக்கரை இசைவாணரின் வீட்டையும் பேச்சையும் பிடிவாதத்தையும் உள்ளிருந்து அறிந்தவர். அயல்நாட்டார் கேட்டதை வியக்கத் தெரிந்தது அவருக்கு. அதை அந்த வித்துவானின் வீட்டுக் கவலைகளுக்கு நடுவே வைத்துக் காட்டத் தெரிந்ததும் அவருக்கே. 'மோகமுள்'ளில் வரும் ரங்கண்ணா மேடைப் புகழுக்கு அவசரப்படாமல் நாதத்தையே வழிபடும் ஆசிரியர். அவரை நாம் மறவாமல் இருப்பதற்குக் காரணம் புகழ்மொழி அன்று. அவர் எப்படிக் கற்பிக்கிறார், எதைப் பொறுக்கமாட்டார் என்று நாவல் காட்டுவதே.

ஆகவே ஊர்ப்பாசம் தேவையற்றது என்பது நம் முடிவன்று. அயலான் பாட்டை மட்டுமே கேட்கிறான். ஊர்க்காரன் பாட்டுக்கு முந்திய ஆண்டுகளைக் கண்டவன்: சாதகம் செய்த விடியற்காலைகள், தந்தையின் கண்டிப்பு, முதல் கச்சேரியில் அறுந்த தந்தி, வருவாயில்லாத ஆடி மாதங்கள். இவை வேறெவரிடமும் இல்லாத செல்வம். பாசம் இச்செல்வத்தை எடுத்துக் கொடுக்குமாயின் அது எழுத்துக்கு அணி. கொடுக்காமல் கண்ணீரோடு நின்றுவிடுமாயின் எழுத்துக்குச் சுமை.

தலைநகர் கண்ட விமரிசகர்

'மலர்க் கட்டுரை என்ன நீதிமன்றமா? நண்பனை வாழ்த்தும் இடத்தில் குறை காண வேண்டுமா?' என்று கேட்பவர் உண்டு. நியாயமான கேள்வி. தில்லித் தமிழருக்கு இக்கேள்வி புதிதும் அன்று. 1917ஆம் ஆண்டில் பிறந்து, இரங்கூனில் வாழ்ந்து, 1942ஆம் ஆண்டுப் போரின்போது பர்மாவிலிருந்து நடந்தே இந்தியாவை அடைந்து, பின்னர் தில்லியில் அரசுப் பணியில் இருந்துகொண்டே இசை, நடன விமரிசனம் எழுதியவர் சுப்புடு என்னும் பி. வி. சுப்பிரமணியம். ஸ்டேட்ஸ்மன் நாளேட்டிலும் தமிழ் இதழ்களிலும் அவர் எழுதியவை கூர்மைக்கும் கேலிக்கும் பெயர் பெற்றவை. ஊரிலிருந்து வரும் வித்துவான் எத்துணைப் பெரியவரானாலும் சுருதி விலகினால் மறுநாள் அது அச்சேறும். அவர் எழுத்தால் மனம் புண்பட்டவர் பலர். அவர் பாராட்டிவிட்டார் என்றால் அதைப் பட்டமாகக் கொண்டவரும் பலர். 2007ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். அவருக்கு முன்னர், 1930களிலேயே, 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் ஆனந்த விகடனில் கல்கி எழுதிய 'ஆடல் பாடல்' பகுதி இசை விமரிசனத்தைத் தமிழ் வாசகரின் வீட்டுக்குள் கொண்டு வந்திருந்தது.

பொதுமேடையில் கட்டணம் பெற்று நிகழும் கச்சேரியை விமரிசிப்பது ஒரு கடமை. நண்பனை மலரில் வாழ்த்துவது மற்றொரு கடமை. இரண்டையும் ஒன்றாக்க வேண்டியதில்லை. நண்பனின் குறையைச் சொல்லாமல் விடுவதற்கு வாழ்த்துரைக்கு உரிமை உண்டு. இல்லாத நிறையைச் சொல்வதற்கு உரிமை இல்லை. சுப்புடுவிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவருடைய கேலியை அன்று. கேட்டதையே எழுதிய பழக்கத்தை.

எழுத வேண்டியவை

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். 'எங்கள் ஊர் நாகசுரக்காரர் வாசித்தால் தேனாறு பெருகும்' என்று எழுதுகிறோம். இதனை விடுத்து இவ்வாறு எழுதிப் பார்க்கலாம்: 'சுவாமி புறப்பாட்டுக்குக் கம்பீர நாட்டையில் மல்லாரி வாசிப்பார். தெற்கு வீதி திரும்பியதும் ராகத்தை எடுத்தால் தேரடி வரும்வரை ஒரே ராகம்தான். தோடியானால் கீழ்ப்பகுதியிலேயே நெடுநேரம் நின்று, கூட்டம் பொறுமை இழக்கும் வேளையில் மேலே ஏறுவார். பள்ளியறைக்கு நீலாம்பரியைத் தவிர வேறெதையும் தொடமாட்டார். சீவாளியைத் தாமே சீவிப் பதப்படுத்துவார். பிறர் கையில் கொடுக்கமாட்டார்.' இதில் உவமை இல்லை, புகழ்ச்சொல்லும் இல்லை. ஆயினும் ஒரு மனிதர் வீதியில் நடந்து வருகிறார்.

அக்காலத்தைவிட இக்காலத்தில் இதன் தேவை மிகுதி. 1952ஆம் ஆண்டில் அகில இந்திய வானொலி தேசிய இசை நிகழ்ச்சியைத் தொடங்கிய நாள்களில், ஊர்க் குரல் ஒன்றைக் கேட்பதற்கு வடநாட்டில் ஒரு குடும்பம் முழுவதும் வானொலிப் பெட்டியைச் சூழ்ந்து காத்திருந்தது. இன்று நண்பரின் கச்சேரி முடிந்த அன்றிரவே அது கைப்பேசியில் வந்து சேர்கிறது. குரல் இனிதா என்பதைப் படிப்பவர் தாமே கேட்டு அறியலாம். ஒலிப்பதிவில் கிடைக்காதவற்றைத் தருவதே இனி எழுத்தின் வேலை: அவர் யாரிடம் கற்றார், அக்குருவிடமிருந்து எந்தப் பிடியைப் பெற்றார், எதைத் தாமே மாற்றிக்கொண்டார், எந்தக் கோயிலின் எந்த வழக்கம் அவரோடு நின்றுவிடும் நிலையில் இருக்கிறது என்பன.

இங்கே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளையும் எண்ண வேண்டும். தேரடி என்றதும் நமக்கு எழும் நினைவு அவர்களுக்கு எழாது. நம் ஏக்கத்தில் அவர்களால் பங்கு கொள்ள இயலாது. பங்கு கொள்ளுமாறு வற்புறுத்தினால் அலுத்துக்கொள்வார்கள். ஆனால் நாகசுரத்தை ஆச்சா மரத்தில் கடைகிறார்கள் என்பதும், தவிலின் ஒருபுறத்தைக் கழியாலும் மறுபுறத்தைக் கூடு மாட்டிய விரல்களாலும் முழக்குகிறார்கள் என்பதும், ஒரு ராகத்தை ஒரு வீதி நெடுக வாசிக்க என்ன மூச்சுப்பயிற்சி வேண்டும் என்பதும் எந்த ஊரில் பிறந்த பிள்ளைக்கும் வியப்பைத் தரும். ஏக்கம் தலைமுறைக்குத் தலைமுறை தேயும்; அறிவை ஒரு தலைமுறை மற்றொன்றுக்குக் கையளிக்க முடியும்.

எழுத்தைப் போலவே விழாவும் திருந்த வேண்டும். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, பொன்னாடை, நினைவுப்பரிசு என ஒவ்வொன்றாக நேரத்தை எடுத்துக்கொண்ட பின்னர், ஆயிரத்து ஐந்நூறு கல் கடந்து வந்த நண்பரிடம் 'சுருக்கமாக முடித்துக்கொள்ளுங்கள்' என்று சீட்டு அனுப்புவது நம் அரங்குகளில் காணாத காட்சி அன்று. அவரைப் பற்றிப் பேசிய நேரம் அவர் பாடிய நேரத்தைவிட மிகுதியாயின் நாம் கொண்டாடியது யாரை? கரிகாலன் பேசினான் என்று பாட்டு விரிக்கவில்லை. கேட்டான், கொடுத்தான், உடன் நடந்தான் என்றே விரிக்கிறது.

அடுத்த மலருக்கு எழுத எண்ணும் அன்பர்கள், பெயர் பெற்றவர்களைப் பிறருக்கு விட்டுவிட்டுத் தத்தம் ஊரில் எவரும் எழுதாத ஒருவரைத் தேர்ந்துகொள்ள வேண்டுகிறோம். தேவாரம் ஓதும் ஓதுவார், திருவிழாவுக்கு வரும் தவில்காரர், தெருக்கூத்தில் பின்பாட்டுப் பாடுபவர், பிள்ளைகளுக்குச் சரளிவரிசை சொல்லித்தந்தே முதுமை எய்திய பாட்டு ஆசிரியை ஆகியோருள் ஒருவர் எல்லார் ஊரிலும் இருப்பார். அவருக்குக் கடிதமோ தொலைபேசியோ வாயிலாகச் சில வினாக்களை அனுப்பி, விடைகளைக் கேட்டு எழுதுங்கள். எழுதியதை அச்சுக்குக் கொடுக்கும் முன்னர் அவருக்கே ஒருமுறை படித்துக் காட்டுங்கள். எந்த இடத்தில் அவர் கூச்சப்படுகிறாரோ அந்த வரியை அடித்துவிடலாம். எந்த இடத்தில் 'இது உனக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்கிறாரோ அந்த வரியைக் காப்பாற்றி வையுங்கள்.